ஒரே சென்ட், இரண்டு மருமகள்கள்

வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றக் குனிந்தபோதே மூத்த மருமகளின் மூக்கில் அது ஏறியது. அவளுடைய வாசனை. அவள் இன்னும் வாசலைத் தாண்டவில்லை. வாசனை மட்டும் அவளை முந்திக்கொண்டு வீட்டுக்குள் போயிருந்தது. முதலில் எலுமிச்சைத் தோல், அப்புறம் மிளகு, கடைசியில் புது மர அலமாரியைத் திறந்தால் வருமே, அந்த வாசம். காலையில் அடித்துக்கொண்டு போனது இவ்வளவு நேரமா வீட்டில் நிற்கும் என்று யோசித்தபடி உள்ளே போனாள். கூடத்தில் அவளுடைய ஓரகத்தி, இளைய மருமகள், துணி மடித்துக்கொண்டிருந்தாள். வாசனை அவளிடமிருந்துதான் வந்தது.

"என் சென்ட்ட எடுத்தியா?"

கேட்ட வேகத்தில் இளையவளின் கையிலிருந்த துண்டு நழுவி விழுந்தது.

"ஐயோ, இல்லக்கா. நானே வாங்கினேன்." ஓடிப்போய்த் தன் அறையிலிருந்து சீசாவைக் கொண்டுவந்து காட்டினாள். அதே பச்சைச் சீசா, அதே குமிழ் மூடி. வந்த அட்டைப்பெட்டியைக்கூடத் தூக்கிப்போடாமல் வைத்திருந்தாள். அதில் தங்க எழுத்தில் 'முன்னால் நடப்பவளுக்கு' என்று போட்டிருந்தது.

மூத்தவள் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எடுத்திருந்தால் திட்டலாம். கடையில் போய் வாங்கிக்கொண்டு வந்தவளை என்னவென்று சொல்லித் திட்டுவது?

அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்துக்கு மேற்பார்வையாளர். தரைக்குக் கீழே, ஜன்னலே இல்லாத நீளமான கூடம். ஒரு பக்கம் ஆளுயரத் துவைக்கும் மெஷின்கள், நடுவில் உலர்த்தும் மெஷின்கள், கோடியில் படுக்கை விரிப்புகளைச் சூட்டோடு நசுக்கித் தள்ளும் பெரிய உருளை. பிளீச்சிங் பவுடர் நெடி சுவரிலேயே ஊறிப்போன இடம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் மூக்கைச் சுருக்கிக்கொண்டு எழுந்து வேறு இடம் பார்த்தாள். அன்றைக்கே இறங்கிப்போய் வாங்கியதுதான் அந்தப் பச்சைச் சீசா. அதற்குப் பிறகு எத்தனையோ சீசா தீர்ந்து எத்தனையோ சீசா வந்தது, வாசனை மாறவில்லை. அக்கம்பக்கத்தில் மாடிப்படியில் அந்த வாசம் வந்தால் 'சலவைக்கார அம்மா வந்துட்டாங்க' என்பார்கள். அது அவளுடைய பெயரைப் போல. அந்தப் பெயரை இன்னொருத்தி எடுத்து வைத்துக்கொண்டு துணி மடிக்கிறாள்.

அன்று சாப்பிடும்போது புருஷனிடம் முறையிட்டாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைப்பவர். தன் கட்டடத்து லிஃப்ட் மட்டும் மாதத்தில் பாதி நாள் மூச்சு விடாது.

"கடைல விக்கிறதுதானே? யார் வேணா வாங்கலாம்," என்றார், தட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

"இத்தனை சென்ட் இருக்கு கடையில. அவளுக்கு இதுதான் கெடச்சுதா?"

"உன்னப் பாத்துதான் வாங்கியிருப்பா. சந்தோஷப்படு."

"உங்க சட்டையையும் ஒருத்தன் போட்டுக்கிட்டு, உங்க டூல் பெட்டியையும் தூக்கிக்கிட்டுத் திரியட்டும். அப்பத் தெரியும்."

"என் டூல் பெட்டிய எவனாவது தூக்கிக்கிட்டுப் போனா அவனுக்குக் கும்பிடு போடுவேன்," என்று சொல்லிக் கை கழுவ எழுந்துவிட்டார்.

இளையவள் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. கொழுந்தனுக்குக் கிடங்கில் ஷிஃப்ட் வேலை. அவன் வீட்டில் இருக்கும்போதெல்லாம் தூங்குவான். அவள் ஒரு மழலையர் பள்ளியில் டீச்சர். மத்தியானமே வந்துவிடுவாள். பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே பாதிதான் கேட்கும். 'சாப்பாடு ஆறுது, வாங்க' என்று அவள் கூப்பிட்டு அந்த வீட்டில் யாரும் எழுந்து வந்ததில்லை. பள்ளியில் மூன்று வயசுப் பிள்ளைகளும் அப்படித்தான் என்று அவளே ஒருமுறை சொல்லியிருந்தாள். உட்காரச் சொன்னால் ஓடுமாம். ஓடச் சொன்னால் உட்காருமாம். அப்படிப்பட்டவள் மேலே 'முன்னால் நடப்பவள்' வாசம் வீசுவதை மூத்தவளால் தாங்க முடியவில்லை. யானைச் சங்கிலியை ஆட்டுக்குட்டிக்குப் போட்ட மாதிரி இருந்தது.

இதில் அதிகம் அவஸ்தைப்பட்டது என்னவோ மாமனார்தான். அவர் லாரி ஓட்டி ஓய்ந்தவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். இப்போது இரண்டு கண்ணிலும் புரை முற்றி, எதிரே நிற்பது ஆளா அலமாரியா என்பதே அவருக்குச் சந்தேகம். வாசத்தை வைத்துத்தான் ஆள் அடையாளம். எலுமிச்சையும் மிளகும் வந்தால் மூத்தவள். எதுவும் வராவிட்டால் இளையவள். இப்படி நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணக்கு தலைகீழானது. மத்தியானம் முழுக்க வீட்டில் அந்த வாசம். சாயங்காலமும் அதே. மனுஷன் நாள் முழுக்க நாற்காலியில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஒரு நாள் மூத்த மகனைக் கூப்பிட்டுக் காதோடு கேட்டார்:

"ஏண்டா, உன் பொண்டாட்டி வேலைய விட்டுட்டாளா?"

"இல்லையேப்பா. ஏன்?"

"எப்பப் பாத்தாலும் வீட்லயே இருக்காளே!"

கணவர் இதை ஏதோ பெரிய வேடிக்கையைப் போல வந்து சொன்னார். மூத்தவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. வீட்டில் இல்லாத நேரத்துக்கும் சேர்த்து அவளுக்குக் கெட்ட பெயர்!

ஒரு வாரம் பொறுத்தாள். அதற்கு மேல் முடியவில்லை. நானே மாற்றிவிட்டுப் போகிறேன், சனியன் விட்டது என்று வேலை முடிந்ததும் கடைக்குப் போனாள். கண்ணாடி அலமாரிகளும் வெள்ளை வெளிச்சமுமாக இருந்த கடை. கறுப்புச் சட்டை போட்ட விற்பனைப் பெண் கையில் ஒரு தொடுதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி வந்தாள்.

"மேடம், உங்க பர்சனாலிட்டிக்கு எது பொருந்தும்னு பாத்துடலாமா? சின்னச் சின்னக் கேள்விதான்."

"எனக்கு ஒரு சென்ட் வேணும். அவ்வளவுதான்."

"அதுக்குத்தான் மேடம் கேள்வியே. ஒரு விருந்துக்குப் போறீங்க. நடுவுல நிப்பீங்களா, ஓரமா நிப்பீங்களா?"

"விருந்துக்கெல்லாம் நான் போறதில்ல."

"போனீங்கன்னா?"

"போனா சாப்டுட்டு வந்துடுவேன்."

"அப்படி ஒரு பதில் இதுல இல்லையே மேடம்," என்று அவள் திரையைத் தடவினாள். "சரி, நடுவுலன்னு போட்டுக்கறேன். அடுத்தது, ஃப்ரெண்ட்ஸோட டூர் போறீங்க, வழி தப்பிடுச்சு. அழுவீங்களா, சிரிப்பீங்களா, வழி கேப்பீங்களா?"

"வழி தப்ப விட்டது யாருன்னு கேப்பேன்."

இப்படியே இன்னும் நாலைந்து கேள்வி. நீங்கள் ஒரு மிருகமாக இருந்தால் என்ன மிருகம், ஒரு மரமாக இருந்தால் என்ன மரம். மெஷின் அறையில் நாளெல்லாம் நின்ற கால் கெஞ்சியது. நான் மனுஷியாக இருப்பதற்கே நேரம் போதவில்லை, இதில் மரமாக வேறு இருக்கச் சொல்கிறாளே என்று பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னாள். கடைசியில் திரை மினுமினுத்தது. விற்பனைப் பெண் முகமெல்லாம் மலர, அலமாரியைத் திறந்து ஒரு சீசாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி மேடம்!"

அதே பச்சைச் சீசா.

மூத்தவள் அதை ஒரு நிமிஷம் முறைத்துப் பார்த்தாள். "இதுக்கு நேர் எதிர் எதுவோ அதைக் குடும்மா," என்றாள்.

அப்படித்தான் அந்த ரோஸ் நிறச் சீசா வீட்டுக்கு வந்தது. 'மெல்லிய மனத்தாளுக்கு' என்று அதன் பெட்டியில் எழுதியிருந்தது. காய்ச்சிய பாலில் சர்க்கரை கொட்டிய மாதிரி ஒரு வாசம். மறுநாள் காலை அடித்துக்கொண்டபோது, யாரோ தெரியாத பெண்ணின் ரவிக்கையைப் போட்டுக்கொண்ட மாதிரிக் கூசியது.

சலவைக்கூடத்தில் அதன் பலன் உடனே தெரிந்தது. மடிப்பறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால், வேலை நேரத்தில் பெண்கள் இருவர் தலையணை உறை மூட்டைமேல் சாய்ந்து கதை பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்றாமவள் இடுப்பில் கைவைத்து, தாடையை முன்னுக்குத் தள்ளி, "இதுக்குப் பேரு மடிப்பா? இதுக்குப் பேரு மடிப்பா?" என்று யாரையோ நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். யாரை என்று கேட்க வேண்டியதில்லை. மூத்தவளைக் கண்டதும் மூன்று பேரும் சிலையானார்கள். அவள் கீழே கிடந்த ஒரு உறையை எடுத்து மூட்டைமேல் போட்டாள். "ம், மடிங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வெளியே உருளை மெஷினில் நின்றவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதும் நீராவிக்குள்ளேயே நிற்பதால் அவருக்கு 'ஆவி' என்றே பெயர். வருஷக்கணக்காக அவளோடு வேலை பார்க்கிறவர். மனதில் பட்டதைச் சொல்லக்கூடியவர்.

"சென்ட்ட மாத்தினா முன்கூட்டிச் சொல்லக்கூடாதா மேடம்? பாவம், மாட்டிக்கிச்சுங்க."

"என்ன சொல்றீங்க?"

"நீங்க படியில எறங்கும்போதே எங்களுக்கு வாசம் வந்துரும். அவங்கவங்க எடத்துல போய் நின்னுடுவோம். இத்தனை வருஷமா அப்படித்தானே ஓடுது."

அவள் தன் மேஜைக்குப் போய் உட்கார்ந்தாள். தன்னைக் கண்டால் எல்லோரும் வேலை பார்க்கிறார்கள் என்று இத்தனை வருஷமாக ஒரு கர்வம். இப்போது பார்த்தால், அவள் கண்ணில் பட்டதெல்லாம் அவளுக்காக ஒழுங்குபடுத்தி வைத்த கூடம்தான். பழைய சீசாவையே அடித்துக்கொண்டு வந்து தொலைத்திருக்கலாம் என்று தோன்றியது. ஆனால் வீட்டில் அதை இன்னொருத்தி அடித்துக்கொண்டிருக்கிறாளே! எங்கே திரும்பினாலும் முட்டியது.

அன்று சாயங்காலம் வீட்டில் மாமனார் மட்டும் இருந்தார். இளையவள் காய்கறி வாங்கப் போயிருந்தாள். கூடத்தில் மூத்தவள் பையை வைத்ததும், கிழவர் மூக்கைத் தூக்கி இரண்டு தடவை இழுத்தார். அவர் முகம் தளர்ந்து, இவள் வருஷக்கணக்காகப் பார்த்திராத ஒரு சிரிப்பு வந்தது.

"சின்னதாம்மா? வா, வா. புதுசா ஏதோ வாசமா இருக்கே. நல்லாருக்கு. பெரியவ இல்லையே?"

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் நாற்காலி மெத்தைக்கு அடியில் கையை விட்டு, ஒரு பொட்டலத்தை எடுத்தார். கிரீம் பிஸ்கட். சர்க்கரை வியாதிக்காரர், கண் ஆபரேஷனுக்கு முன்னால் சர்க்கரையைக் குறைத்தாக வேண்டும் என்று டாக்டர் தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தார். வீட்டில் மூலை முடுக்கெல்லாம் தேடியும் சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று தெரியாமல் இவள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்தா, ஒண்ணு எடுத்துக்க. சொல்லிடாத."

வேறு வழி தெரியாமல் ஒன்றை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

"அவ கெட்டவ இல்லம்மா," என்று அவர் ஆரம்பித்தார், பிஸ்கட்டை நடுவில் பிரித்துக் கிரீமை நக்கியபடி. "இந்த வீடு நிக்குதுன்னா அவளாலதான். ஆனா அவ வந்து நின்னா, செக்போஸ்ட்ல லாரிய நிறுத்தின மாதிரி இருக்கு. எல்லாப் பேப்பரும் சரியாத்தான் இருக்கும். இருந்தாலும் வயித்தக் கலக்கும்."

"ம்," என்றாள் இவள்.

"கண்ணு ஆபரேஷனுக்கு வாங்க வாங்கன்னு ரெண்டு வருஷமாக் கூப்பிடறா. எனக்குப் பயம்மா. கண்ணுல கத்தி வைக்கறாங்களே. மலைப்பாதையில பிரேக் இல்லாம எறங்கியிருக்கேன், அப்பகூட இந்தப் பயம் இல்ல. ஆனா அவகிட்டப் போய்ப் பயமா இருக்குன்னு எப்படிச் சொல்ல? பயம்னா என்னன்னே அவளுக்குத் தெரியாதே!"

பிஸ்கட் தொண்டையில் சிக்கிக்கொண்டது. இருமினால் குரல் தெரிந்துவிடும். கண்ணில் நீர் வர அதை விழுங்கிவிட்டு, ஓசைப்படாமல் சமையலறைக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தாள். பயமாம், அவளுக்குத் தெரியாதாம்! இந்த வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று விடிய விடிய விழித்துக் கிடக்கிறவள் யாராம்? எவனாவது ஒருத்தன் கேட்டிருப்பானா? அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. எதை முதலில் வெளியே விடுவது என்று தெரியாமல், கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

பிஸ்கட் ரகசியம் உடையக்கூடாது என்று அதற்குப் பிறகு ரோஸ் சீசாவைப் பையிலேயே வைத்துக்கொண்டு, வீட்டைவிட்டு வெளியே போனபின்தான் அடித்துக்கொண்டாள். ஆபரேஷனுக்கு மறுபடி நாள் குறித்திருந்தது. அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே, மேல் மாடியில். மூன்று தடவை தள்ளிப்போட்டு, டாக்டரிடம் கெஞ்சி வாங்கிய நாள். அன்று காலை எதிர்பார்த்த மாதிரியே மாமனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

இந்தத் தடவை அவரிடம் பக்குவமாகப் பேச வேண்டும் என்று அவள் ராத்திரியே மனதில் ஒத்திகை பார்த்திருந்தாள். அருகே போய் நின்று, "பயமா இருக்கா மாமா?" என்று கேட்டாள். மனதில் நினைத்தபோது தேனாக இருந்த வாக்கியம், வாயிலிருந்து வரும்போது போலீஸ் விசாரணையாகிவிட்டது.

"பயமா? எனக்கா?" என்று கிழவர் நிமிர்ந்தார். "வயித்து வலிம்மா. வேற ஒண்ணுமில்ல."

"மாமா, உண்மையச் சொல்லுங்க."

"ஐயோ, வலிக்குதே!"

"அப்படியே கெடங்க! கண்ணு தெரியாமயே கெடங்க! எனக்கென்ன வந்துச்சு?" பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். கதவைச் சாத்திய சத்தத்தில் எதிர் வீட்டு நாய் குரைத்தது. லிஃப்ட் வேலை செய்யவில்லை. படி இறங்கும்போது புருஷனையும், மாமனாரையும், பச்சைச் சீசாவையும், ரோஸ் சீசாவையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே போனாள்.

சலவைக்கூடத்தில் அன்று ஒரு துவைக்கும் மெஷின் வேறு பழுது. மெஷினுக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. இளையவள். வழக்கத்தைவிடவும் குரல் கேட்கவில்லை.

"அக்கா... மாமாவ... கூட்டிட்டு வந்துட்டேன்."

"எங்க?"

"உங்க ஆஸ்பத்திரிக்குத்தான். கண்ணு வார்டுல இருக்கோம். இப்ப உள்ள கூப்பிடறாங்க. அவரு போக மாட்டேங்கறாரு. உங்களக் கூப்பிடச் சொல்றாரு."

ஆவியிடம் மெஷினை ஒப்படைத்துவிட்டு, துணி வண்டி லிஃப்டிலேயே ஏறி மேலே போனாள். கண் வார்டின் வெளியே, சுவரோரப் பெஞ்சில் இளையவள் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எலுமிச்சையும் மிளகும் தாழ்வாரம் முழுக்க வீசியது. மூத்தவளைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"எப்படிக் கெளம்பினாரு?"

இளையவள் தரையைப் பார்த்தாள். "உங்கள மாதிரி சொன்னேன்."

"என்ன மாதிரின்னா?"

"'மாமா, சட்டைய மாத்துங்க, கெளம்புறோம்'னு. சத்தமா. அந்த சென்ட்ட வேற நெறைய அடிச்சுக்கிட்டேன். நீங்க திரும்பி வந்துட்டீங்கன்னு நெனச்சுக்கிட்டாரு. எந்திரிச்சுட்டாரு."

மூத்தவளுக்கு வந்த கோபத்தில் காது இரண்டும் சுட்டது. "என் வாசம், என் பேச்சு! இன்னும் என்ன பாக்கி? என் செருப்பையும் போட்டுக்கிட்டு வந்தியா?"

"இல்லக்கா..."

"அழாத. அழுதா எனக்கு இன்னும் கோபம் வரும். ஏன் அதை வாங்கினே, அதச் சொல்லு. ஒரு மாசமா எனக்குப் பைத்தியம் பிடிக்குது."

இளையவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நான் பேசினா நம்ம வீட்ல யாரும் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல. நான் வந்தாலும் தெரியாது, போனாலும் தெரியாது. நீங்க வாசல்ல செருப்பக் கழட்டும்போதே எல்லாரும் டிவி சத்தத்தக் குறைக்கறாங்க. நீங்க இன்னும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டீங்க, வாசம் மட்டும்தான் வந்திருக்கும். அதனால அந்த சென்ட்லதான் ஏதோ இருக்குன்னு..."

"சென்ட்ல இருந்தா நான் எதுக்கு நாள் பூரா தொண்டை கிழியக் கத்தறேன்?"

"தெரியலக்கா. ஸ்கூல்ல போட்டுட்டுப் போனேன். பசங்க தும்மினாங்க. வேற ஒண்ணும் நடக்கல."

மூத்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கப் பார்த்து, முடியாமல் மூக்கால் ஒரு சத்தம் வந்தது. பக்கத்தில் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குள் நர்ஸ் கதவைத் திறந்து, "அந்தப் பெரியவரோட வீட்டுக்காரங்க யாரு? சீக்கிரம் வாங்க, அடுத்த ஆளு வெயிட் பண்றாங்க," என்று கடுகடுத்தாள்.

மாமனார் பச்சை அங்கி போட்டு, தலைக்கு ஒரு குல்லாவோடு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த அங்கி நேற்றுத்தான் அவள் கூடத்தில் வெளுத்து வந்தது. அந்த அங்கிக்குள் இவ்வளவு சின்னதாக அவர் தெரிவார் என்று அவள் நினைத்ததே இல்லை. பக்கத்தில் போனதும் பால் சர்க்கரை வாசத்தை இழுத்துப் பார்த்தார்.

"சின்னதா? பெரியவளக் கூப்பிட்டியா?"

"சின்னது இல்ல மாமா. நான்தான்."

கிழவரின் புருவம் மேலே போயிற்று. பிறகு மெல்லக் கேட்டார்: "அப்ப அன்னிக்கு என்கூட பிஸ்கட் தின்னது?"

"நான்தான்."

"அடக் கடவுளே," என்று அவர் குல்லாவைக் கழற்றினார். நர்ஸ் அதை மறுபடி மாட்டிவிட்டாள்.

"அதை விடுங்க. இங்க வரைக்கும் வந்தாச்சு. நான் சொன்னப்பல்லாம் வராத ஆளு, நான்னு நெனச்சு அவ பின்னால வந்துட்டீங்க. இப்ப உள்ள போறதுக்கு என்ன?"

"யாரு சொன்னா உன்ன நெனச்சு வந்தேன்னு? படி எறங்கற வரைக்கும்தான் அது. வாடகைக் கார்ல ஏறினதும் கையப் புடிச்சா பாரு, கை அப்படி நடுங்குது. பழைய லாரி இன்ஜின் மாதிரி. உன் கை நடுங்காதே. அப்பவே தெரிஞ்சு போச்சு சின்னதுன்னு."

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

"பின்ன? என்னவிடப் பயந்துகிட்டு ஒரு பொண்ணு என்னக் கூட்டிக்கிட்டுப் போறா. நான் பாதியில திரும்பிட்டா அவ என்னம்மா ஆவா? வீட்ல உங்கிட்ட என்ன பதில் சொல்லுவா?"

மூத்தவள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரெண்டு வருஷம் அதட்டி, மிரட்டி, டாக்டரிடம் நாள் வாங்கி, மெத்தைக்கு அடியில் பிஸ்கட் இருப்பது தெரியாமல் சர்க்கரையோடு மல்லுக்கட்டி, அவளால் ஆகாத காரியம், ஒருத்தியின் கை நடுங்கியதில் ஆகிவிட்டது! இதைக் கேட்டு ஆத்திரப்படுவதா, அழுவதா? தன் கையை வேலைக் கோட்டின் பையிலிருந்து வெளியே எடுத்து, அவர் கைமேல் வைத்தாள்.

கிழவர் அதைத் தடவிப் பார்த்தார்.

"என்னம்மா, நீயுமா?"

"எப்பவும்தான். பாக்கெட்டுக்குள்ள வச்சுக்குவேன். யாருக்கும் தெரியாது."

"சொல்லியிருக்கலாமே."

"யாரு கேட்டீங்க?" என்று அவள் வெடித்தாள். "இந்த வீட்ல எவராவது ஒருத்தர் என்னிக்காவது கேட்டிருக்கீங்களா?"

நர்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மாமனார் பெருமூச்சு விட்டு, "சரி, வண்டிய எடுங்க," என்று படுத்துக்கொண்டார். சக்கரக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடும் வரை அவருடைய ஒரு கை, எதையோ தேடுவதுபோல் விரிப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டே இருந்தது.

வெளியே பெஞ்சில் மருமகள்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். எதிரே உட்கார்ந்திருந்த ஆள் இரண்டு வாசத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி தள்ளிப்போய் உட்கார்ந்தார்.

"அக்கா, இனிமே அதைப் போடல," என்றாள் இளையவள்.

"போட்டா போடு, போடாட்டி விடு. ஆனா நான் சொல்ற மாதிரி பேசறத மட்டும் விட்டுடு. நீ பேசற மாதிரி பேசு. சத்தமாப் பேசு."

"சரிக்கா."

"என்ன சொன்னே? கேக்கல."

"சரிக்கா!" என்று இளையவள் கத்தினாள். தாழ்வாரக் கோடியில் நின்ற காவலாளி, இங்கே சத்தம் போடக்கூடாது என்று கையைக் காட்டினார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் கட்டைப் பிரித்ததும் மாமனார், கண்ணாடியைத் துடைத்து வண்டியெடுத்த டிரைவரைப் போல நாலாபக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்கு வந்தபின் தொடங்கியது தொல்லை. மின்விசிறியில் இவ்வளவு தூசியா? சுவரில் இது யார் கீறியது? மூத்த மகனைப் பார்த்து, "ஏண்டா, தொப்பைய எப்ப வச்சே?" மூத்தவளைப் பார்த்து, "நீ இவ்வளவு குள்ளமாம்மா? மனசுல நீ ஆறடி இருந்தியே!"

"ஆமா, உங்க வீட்ல பாரஞ்சுமந்து அமுங்கிட்டேன்," என்றாள் அவள்.

சொட்டு மருந்து முடிகிற வரைக்கும் வீட்டில் யாரும் சென்ட் அடிக்கக் கூடாது, கண்ணில் உறுத்தும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். ஆகவே சீசா இரண்டும் அலமாரிக்குள் போயின. மூத்தவள் பிளீச்சிங் பவுடர் வாடையோடு பஸ்ஸில் வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தவள் மூக்கைச் சுருக்கினால், "ஆஸ்பத்திரில துணி வெளுக்கறேன்மா, என்ன பண்ணச் சொல்றே?" என்று கேட்டுவிட்டு ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

அவர் வீட்டுக்கு வந்த முதல் நாள் சாயங்காலம் சொட்டு மருந்தைக் கையில் எடுத்தவள் அவள்தான். ஆஸ்பத்திரியில் இருப்பவள், இது தெரியாதா? மாமனாரின் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மருந்து கன்னத்தில் வழிந்தது. "கண்ணைத் தெறங்க மாமா." திறக்கவில்லை. "தெறங்கன்னு சொல்றேன்ல?" இன்னும் இறுகியது.

இளையவள் பின்னாலிருந்து வந்து மருந்துக் குப்பியை அவள் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க. உங்களப் பாத்துதான் மூடிக்கறாரு."

"என்னது?"

"வெளிய நில்லுங்கக்கா. மருந்து வீணாப் போகுது."

மூத்தவள் தன் வீட்டில், தன் மாமனார் அறைக்கு வெளியே, கூடத்தில் வந்து நின்றாள். புருஷன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அவள் முகத்தைக் கண்டதும் மறுபடி அதற்குள் ஒளிந்துகொண்டார்.

உள்ளே சத்தம் கேட்டது. "தலைய ஆட்டாதீங்க மாமா! சொன்னாக் கேளுங்க! மேல பாருங்க, மேல!"

"ஏய், கொஞ்சம் மெதுவாச் சொல்லேன், பயந்துக்கப் போறாரு!" என்று மூத்தவள் கதவுக்கு வெளியிலிருந்து சொன்னாள்.

யாரும் பதில் சொல்லவில்லை. மறுபடி சொல்லிப் பார்த்தாள். உள்ளே இரண்டு பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.